கொடியேற்றுகிற நாளில் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி, ஆகஸ்ட் 15, 2024

நாட்டை நேசிப்பவன் அரசாங்கத்தை நாலு பேர் நடுவே திட்டமாட்டான். குறை இருந்தால் மனு கொடுக்கலாம், தேர்தலில் காட்டலாம். சுதந்திர தினத்தன்றுகூட மைக்கைப் பிடித்துக்கொண்டு குறை சொல்கிறவர்களுக்கு நாட்டுப்பற்று இருக்கிறது என்று எப்படி நம்புவது? யாராவது நியாயமாகப் பதில் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 15, இரவு 9.40

மைக்கைப் பிடித்தவன் பேசுகிறேன். உங்கள் ஊர் எது என்று தெரியாது. வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இன்று காலை பிடித்தது நான்தான்.

எட்டு மணிக்குக் கொடியேற்றினார்கள், ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். பதினொரு மணிக்கு அதே கொடிக்கம்பத்துக்குப் பத்தடி தள்ளி ஷாமியானா போட்டுக் கிராம சபை. செயலர் வரவு செலவைப் படித்தார். மேல்நிலைத் தொட்டிகளை மாதம் இரண்டு தடவை கழுவியதாக ஒரு தொகை வந்தது. எங்கள் தெருத் தொட்டியின் தூணில் 'கடைசியாகச் சுத்தம் செய்த நாள்' என்று எழுதியிருப்பது மார்ச் 20. எழுந்து அதை மட்டும்தான் கேட்டேன். மார்ச்சுக்கு அப்புறம் கழுவவே இல்லையா, கழுவிவிட்டுத் தேதியை மாற்றவில்லையா?

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கொடியேத்துற நாள்ல இதையெல்லாம் பேசணுமா? நாட்டுப்பற்றே இல்லாத பசங்க." நாலைந்து பேர் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் என் தெரு. அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

உங்களுக்கு என் பதில் இவ்வளவுதான்: கிராம சபையை ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று பார்த்துப் பார்த்து வைத்தது அரசாங்கமே. காலையில் கொடி, பதினொரு மணிக்குக் கணக்கு. நான் நேரம் தவறாமல் போனேன்.

ஆகஸ்ட் 16, காலை

விட்டுப்போனது. மே 1-ம் கிராம சபை நாள்தான். 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு என்று ஆக்கினார்கள். 'அப்படியென்றால் மே 1-ல் கேட்டிருக்கலாமே' என்பீர்கள். மே மாதம் வேலூர் வெயிலில் ஷாமியானாவுக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 16, இரவு

தூக்கம் வரவில்லை. 'நேசிப்பவன் திட்டமாட்டான்' என்ற உங்கள் வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கேயோ பார்த்த வரி.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவில் பார்த்தது. 1860-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். அரசாங்கத்தின்மேல் வெறுப்பையோ அன்பின்மையையோ தூண்டினால் ஆயுள் தண்டனைவரை போகலாம். 1897-ல் திலகர் வழக்கில் நீதிபதி ஸ்ட்ரேச்சி ஜூரிகளிடம் அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொன்னார்: அன்பின்மை என்றால் அன்பு இல்லாமல் இருப்பது. அந்தக் கணக்கில் போனால் நம் பக்கத்து மாமியார் மருமகள்களில் பாதிப் பேர் உள்ளே இருக்கவேண்டும்.

1922 மார்ச் 18-ல் அகமதாபாத்தில் காந்தி அதே பிரிவில் கூண்டில் நின்றார். அன்பைச் சட்டம் போட்டு உண்டாக்க முடியாது என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு வருடம் கொடுத்தார்கள்.

அந்தப் பிரிவு நாட்டை நேசி என்று கேட்கவே இல்லை. நாட்டைப் பற்றி வெள்ளைக்காரனுக்கு என்ன கவலை? அரசாங்கத்தை நேசி என்றுதான் கேட்டது. நடுவில் எங்கேயோ இரண்டும் ஒன்றாகிவிட்டது. உங்கள் கேள்வியிலும் ஆகியிருக்கிறது. நாட்டில் தொடங்கி மூன்றாவது சொல்லில் அரசாங்கத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஆகஸ்ட் 17

நேற்று அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். மெக்காலேயின் 1837 வரைவில் தேசத்துரோகப் பிரிவு இருந்தது. 1860-ல் சட்டம் நிறைவேறியபோது அது விடுபட்டுப்போனது. ஜேம்ஸ் ஸ்டீஃபன் அதை 1870-ல் 124ஏ என்று உள்ளே செருகினார். எண்ணுக்குப் பின்னால் தொங்கும் 'ஏ' அந்தச் செருகலின் அடையாளம். திருத்திய நண்பருக்கு நன்றி. 'முதலில் சரித்திரம் படி' என்ற வரி இல்லாமலும் திருத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் 18

கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "திலகர், காந்தி எல்லாம் அந்நிய ஆட்சியை எதிர்த்தவர்கள். இன்று இருப்பது நாமே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த அரசு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா?"

நல்ல கேள்வி. நேற்று முழுக்க இதற்குப் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த அரசு என்பதால் கூடுதல் மரியாதை தரவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மரியாதை வேறு, வாயை மூடுவது வேறு. அரசியல் நிர்ணய சபையில் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களின் பட்டியல் வரைவில் தேசத்துரோகமும் இருந்தது. 1948-ல் கே. எம். முன்ஷி முதலானவர்கள் வாதாடி அந்தச் சொல்லை எடுக்கவைத்தார்கள். 1951-ல் நேரு நாடாளுமன்றத்தில் 124ஏ பிரிவை அருவருப்பானது என்றே சொன்னார், எவ்வளவு சீக்கிரம் தொலைகிறதோ அவ்வளவு நல்லது என்றார். அப்புறம் பதின்மூன்று வருடம் பிரதமராக இருந்தார். பிரிவும் இருந்தது.

1962-ல் கேதார்நாத் சிங் வழக்கு. பீகாரில் பரௌனி என்ற ஊரில் ஒரு மேடைப் பேச்சு. சி.ஐ.டி.க்காரர்களை நாய்கள் என்றார், ஆளும் காங்கிரஸ்காரர்களைக் குண்டர்கள் என்றார். உச்ச நீதிமன்றம் பிரிவை ரத்து செய்யவில்லை, ஆனால் கடிவாளம் போட்டது: சட்டப்படி அமைந்த அரசு என்பது ஒன்று, அப்போதைக்கு நாற்காலியில் இருக்கும் ஆட்கள் என்பது இன்னொன்று, வன்முறையையோ பொதுக் குழப்பத்தையோ தூண்டாதவரை எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் குற்றமில்லை. வேடிக்கை என்னவென்றால், கேதார்நாத் தன் மேல்முறையீட்டில் தோற்றுப்போனார். அவர் பெயரைச் சொல்லிப் பின்னால் வந்தவர்கள் தப்பித்தார்கள். 2021-ல் பத்திரிகையாளர் வினோத் துவாமீது போட்ட வழக்கு ரத்தானது அந்தத் தீர்ப்பை வைத்துத்தான்.

எல்லோரும் அப்படித் தப்பித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கூடங்குளம் அணு உலை வேண்டாம் என்று இடிந்தகரையில் உட்கார்ந்த மக்களில் ஆயிரக்கணக்கானவர்கள்மேல் இந்தப் பிரிவில் வழக்கு. மீன் பிடிக்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள். 2015-ல் சாராயக் கடைகளை மூடச்சொல்லிப் பாட்டுப் பாடியதற்காகக் கோவனைக் கைது செய்தார்கள், அதிலும் இந்தப் பிரிவு சேர்ந்தது. எல்லாம் நாமே ஓட்டுப் போட்ட அரசுகள்தான், கட்சி பார்க்காமல் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 18, சற்று முன்

விகடன் ஆசிரியரை 1987-ல் ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காகச் சிறையில் போட்டதை ஏன் விட்டாய் என்று கேட்கிறார்கள். அது சட்டமன்ற உரிமைப் பிரச்சினை, தேசத்துரோகம் அல்ல. ஆனால் அந்த ஜோக் நினைவிருக்கிறது. எம்.எல்.ஏ.க்கும் மந்திரிக்கும் மேடையில் வித்தியாசம் கண்டுபிடிக்கும் ஜோக். மூன்று மாதக் கடுங்காவல் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே விட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 20

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ புத்தகம் படித்துப் பேசுகிறேன் என்று தோன்றும்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். 1969-ல் சேர்ந்தார், 71 சண்டையைப் பார்த்தார், ஹவில்தாராக வெளியே வந்தார். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு மிலிட்டரிக்காரர் உண்டு. மாதம் ஒரு நாள் கேன்டீனுக்குப் போய் வரிசையில் நிற்பது ஒரு திருவிழா. நான் வளர்ந்த வீட்டில் அரசாங்கத்தைப் பற்றி எதிர்த்து ஒரு வார்த்தை வராது. ரேஷனில் புழுங்கலரிசி நாறினால்கூட அம்மாதான் திட்டுவார். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

கிராம சபையில் நடந்ததைக் கேள்விப்பட்டு என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டது வேறு.

"மார்ச் இருபதுன்னு நீயே கண்ணால பாத்தியா, யாராவது சொன்னாங்களா?"

"நானே பாத்தேம்பா. போட்டோகூட இருக்கு."

"அப்ப சரி."

அவ்வளவுதான். எனக்கு ஆச்சரியம். நீங்கள்தானே வாயே திறக்கமாட்டீர்கள் என்றேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சர்வீஸ்ல இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது, அது ரூல். கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள போனேன். நீ எங்கடா கையெழுத்துப் போட்ட?"

தேடிப் பார்த்தேன், அவர் சொல்வது சரி. அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு ராணுவத்தினருக்கும் காவல் துறையினருக்கும் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதற்கென்று தனியாக ஒரு பிரிவு எழுதவேண்டி வந்தது என்றால், மற்றவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றுதானே அர்த்தம்? ஐம்பது வயதை நெருங்குகிறேன். அப்பாவின் மௌனத்தை நாட்டுப்பற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவர் வேலையின் ஒழுங்கு. பற்று வேறெங்கோ இருந்திருக்கிறது. குழாயில் தண்ணீர் சொட்டினால் ராத்திரி எழுந்துபோய் மூடுவாரே, அங்கே இருந்ததோ என்னவோ.

ஆகஸ்ட் 21

மூன்று பேர் தனித்தனியாக ஒரே குறளை அனுப்பியிருக்கிறீர்கள். இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன். நானும் அதைத்தான் முதல் நாளே எடுத்து வைத்திருந்தேன், போடாமல் விட்டேன். ஏனென்றால் அது எனக்கு முழுதாக உதவாது. அந்தக் குறள் இருப்பது பெரியாரைத் துணைக்கொள்ளும் அதிகாரத்தில். இடித்துச் சொல்கிறவர் மன்னன் பக்கத்தில் இருக்கும் பெரியவர். மன்னன் கெட்டுவிடக்கூடாதே என்று அறைக்குள் சொல்கிறார். இவர் கேட்பது நாலு பேர் நடுவே சொல்வதைப் பற்றி. அரசன் காதோடு சொல்வதற்கும் ஷாமியானாவில் மைக்கில் சொல்வதற்கும் தூரம் உண்டு.

செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்பு என்று இன்னொரு குறள் இருக்கிறது, இறைமாட்சியில். அதில் அறை, பெரியவர் எதுவும் இல்லை. காது கசக்கக் கசக்கக் கேள் என்பது மட்டும்தான். வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 21, கொஞ்ச நேரம் கழித்து

ஆனால் இன்று அறை எங்கே இருக்கிறது? தொட்டியைப் பற்றி மனு கொடுக்கவில்லையா என்று கேட்டீர்களே. ஏப்ரலில் ஒன்று, ஜூனில் ஒன்று. ரசீது இருக்கிறது.

ஆகஸ்ட் 25

சண்டைக் காலத்திலாவது வாயை மூடவேண்டும் இல்லையா என்கிறார். ஆமாம் என்று எழுதி, அனுப்பாமல் நிறுத்தினேன். அண்ணா நினைவுக்கு வந்தார். 1962 மே மாதம் மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்டுப் பேசியவர், அக்டோபரில் சீனப் படை வந்ததும் பிரிவினைக் கோரிக்கையை நிறுத்திவைத்து அரசுக்குத் துணை நின்றார். பிறகு அதைக் கைவிட்டார். ஆக, நெருக்கடி வந்தால் நாடுதான் முதலில். இதுவரை உங்கள் கட்சிதான் நான்.

அப்புறம் அதே 1962-ஐக் கொஞ்சம் தள்ளிப் படித்தேன். மலைக் குளிருக்கு ஏற்ற உடுப்பு இல்லாமல், போதிய குண்டு இல்லாமல் சிப்பாய்களை அனுப்பியிருந்தார்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, காங்கிரஸ்காரர்களும். நவம்பர் 7-ல், பாதுகாப்பு மந்திரியாக இருந்த கிருஷ்ண மேனன் பதவி விலகவேண்டியதாயிற்று. சண்டை முடிந்தது நவம்பர் 21-ல். அந்த இரண்டு வாரத்துக்கு நடுவே 'இப்போது பேசக்கூடாது' என்று எல்லோரும் இருந்திருந்தால் சிப்பாய்க்கு என்ன லாபம்?

படை எங்கே நிற்கிறது, எப்போது நகரும் என்று கொட்டுவது வேறு. அது விமர்சனமில்லை, உளறல். கம்பளிச் சட்டை எங்கே என்று கேட்பதை அதோடு சேர்க்கவேண்டாம். அப்பாவிடம் இதைப் படித்துக்காட்டினேன். அவருக்கு 62 தெரியாது, சின்னப் பையன். 71-ல் பூட்ஸ் நன்றாக இருந்தது என்றார்.

ஆகஸ்ட் 31

வெளியாள் முன்னால் பேசலாமா? இதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

2012-ல் துபாயில் இருந்தேன். அறையில் நாலு பேர், ஒருவர் லாகூர்க்காரர். அந்த வருடம் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அவர் ஒரு நாள் தன் ஊரில் பத்து மணி நேரம் கரண்ட் இல்லை, எங்கள் அரசாங்கம் இப்படி, மந்திரி இப்படி என்று கொட்டித் தீர்த்தார். நான் என்ன செய்தேன்? 'எங்கள் ஊரில் அப்படியெல்லாம் இல்லை' என்றேன். நான் ஓட்டுப் போடாத அரசாங்கத்துக்காக, கூசாமல். ஐந்து நிமிடம் கழித்து அம்மா போன். ஸ்பீக்கரில் இருந்தது. 'காலையிலேருந்து கரண்ட் இல்லடா, இட்லி மாவு அரைக்க முடியல' என்கிறார். தமிழ்தான், ஆனால் 'கரண்ட்' என்ற சொல் எந்த மொழிக்காரருக்கும் புரியும். லாகூர்க்காரர் கட்டிலில் புரண்டு சிரித்தார்.

அன்றைக்கு எங்கள் இருவரில் யார் தன் நாட்டை அதிகம் நேசித்தார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் தன் ஊர் இருட்டைச் சொல்லும்போது குரல் கம்மியது. எனக்குக் கம்மவில்லை. ஜெயித்தால் போதும் என்று இருந்தது.

இதனால் அயலான் முன்னால் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று ஆகிவிடாது. இன்றைக்கும் என் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வந்து 'இங்கே எதுவும் உருப்படாது' என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குறை சொல்வது எனக்குச் சரி, அவருக்குச் சரியில்லை என்று மனசு சொல்கிறது. நியாயமில்லைதான். என்ன செய்ய?

செப்டம்பர் 5

இன்று வ.உ.சி. பிறந்த நாள். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்குக் கொடுத்தது நாற்பது வருடம். தேசத்துரோகத்துக்கு ஒரு இருபது, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு ஒரு இருபது. மேல்முறையீட்டில் குறைந்தது. ஆனாலும் செக்கு இழுத்தார். துரோகி என்று அன்று எழுதிய அதே ஆளுக்கு இன்று அரசு மாலை போடுகிறது.

காலையில் இதைச் சொன்னபோது அப்பா, "இன்னிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு" என்றார். 2015 செப்டம்பர் 5-ல்தான் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்பதை அரசு அறிவித்தது. அதற்கு முன் அந்த ஜூனிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவத்தினர் டெல்லி ஜந்தர் மந்தரில் மாறி மாறி உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தப் பார்த்தது. நெஞ்சில் மெடல் குத்திய கிழவர்களைத் தள்ளுவதை டிவியில் காட்டினார்கள்.

அன்று அப்பா டிவியை அணைத்துவிட்டு எழுந்துபோனது எனக்கு நினைவிருக்கிறது. போராடுகிறவர்கள்மேல் கோபம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்று கேட்டேன். "இல்லடா" என்றார். "அந்தக் கூட்டத்துல நான் இல்லையேன்னு வெக்கமா இருந்துச்சு."

அடுத்த மாதம் வேலூரில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மெடல் போட்டுக்கொண்டு போனாராம். அம்மாவிடம் கேன்டீனுக்கு என்று சொல்லிவிட்டு. ஒன்பது வருடமாக எங்கள் யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 6

ஆமாம், அந்த ஓய்வூதியத்திலும் எல்லாம் கிடைத்துவிடவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. தெரியும். நேற்று எழுதியது அதைப் பற்றியல்ல.

செப்டம்பர் 14

124ஏ-தான் போய்விட்டதே, இன்னும் என்ன என்கிறார் ஒருவர். 2022 மே 11-ல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இந்த ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதா. அதில் தேசத்துரோகம் என்ற சொல் இல்லை. 152-வது பிரிவு இருக்கிறது: நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து விளைவிப்பது, ஆயுள் அல்லது ஏழு வருடம்வரை. அரசாங்கத்தின்மேல் அன்பு வை என்ற வரி போனது நல்லதுதான், அதை மறுக்கமாட்டேன். 'ஆபத்து' எங்கே தொடங்குகிறது என்று முதலில் முடிவு செய்யப்போகிறவர் எங்களூர் மாதிரி ஒரு ஊரின் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். அதை நினைத்தால்தான் கொஞ்சம் உதைக்கிறது.

124ஏ-வைப் பிறப்பித்த பிரிட்டன் 2009-லேயே தன் நாட்டில் தேசத்துரோகக் குற்றத்தை ஒழித்துச் சட்டம் போட்டுவிட்டது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

அக்டோபர் 2, மாலை

இன்று கிராம சபை. அப்பாவும் வந்தார். மெடல் எதுவும் இல்லை, வெள்ளைச் சட்டை. முன்வரிசையில் உட்காரச் சொன்னதும் 'காது நல்லாத்தான் கேக்குது' என்று பின்னால் போய்விட்டார். உட்கார்ந்தது ஆகஸ்டில் என்னைத் திட்டியவர் பக்கத்தில். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள், என்ன என்று எனக்குச் சொல்லவில்லை.

இந்த முறை எழுந்தது அவர்தான், அந்தப் பின்வரிசைக்காரர். அவர் தெருவில் நாலு மாதமாக விளக்கு எரியவில்லை. மைக்கை வாங்கும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை. காந்தி ஜெயந்தியும் அதுவுமாக விளக்கைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு வரி நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் கேட்டது சரியான கேள்வி. கம்பம் எண்வரை சொன்னார்.

என் தொட்டிக்கும் பதில் வந்தது. கழுவியாயிற்று, தேதியும் எழுதியாயிற்று என்றார் செயலர். கூட்டம் முடிந்ததும் அப்பா, "போய்ப் பாத்துட்டே வீட்டுக்குப் போலாம்" என்றார். போனோம். நீலப் பெயின்ட், புதுசு, இன்னும் பிசுபிசுப்பு போகவில்லை. கடைசியாகச் சுத்தம் செய்த நாள்: 05.10.2024.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "போட்டோ எடுத்துக்கோ" என்றார். எடுத்திருக்கிறேன்.